பச்சைக்காகப் பேசிய ரோஸ்

ஆறடி உயரம், கதவை அடைக்கிற அகலம், கன்னத்தில் பாதியை மூடிய மீசை. இப்படி ஒரு ஆளை 'ரோஸ்' என்று கூப்பிட்டால் சிரிப்பு வருமா வராதா? எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களுக்கும் ஒரு பெயர் விழுந்துவிடும், சிரிப்பு நின்றுவிடும்.

எங்களுடையது சோப்பு, ஷாம்பு, பற்பசை, பாத்திரம் தேய்க்கிற தூள் என்று வீட்டுச் சாமான் செய்து விற்கிற கம்பெனி. அதில் மார்க்கெட்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். மற்றபடி யார் எந்தச் சரக்கைப் பார்க்கிறாரோ அதுதான் அவர் பெயர். "பற்பசை இன்னிக்கு லீவு." "ஷாம்புக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சாம்." இப்படித்தான் பேச்சு நடக்கும். பொடுகு மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை எல்லாரும் 'பொடுகு, பொடுகு' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் வேறு கம்பெனிக்கு ஓடிப் போனாள் என்பது என் கட்சி. சம்பளம் அதிகமாகக் கிடைத்தது என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை.

ரோஸ் பார்த்தது குளிக்கிற சோப்பு. ரோஸ் நிறக் கட்டி, ரோஸ் நிற உறை. அதனால் அந்தப் பெயர்.

நான் மார்க்கெட்டிங் இல்லை, சேல்ஸ். கடை கடையாக ஏறி இறங்கிப் பாதம் வெடித்தவள். எனக்குச் சரக்குப் பெயர் கிடையாது, எல்லாருக்கும் 'அக்கா'தான். கண்ணாடி அறையில் குளிர்பதனத்தில் உட்கார்ந்துகொண்டு "மக்கள் மனசைப் புரிஞ்சுக்கணும்" என்று பேசுகிற கூட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மக்கள் மனசு கிடக்கட்டும், கடைக்காரர் போன வாரச் சரக்கைத் திருப்பிக் கொடுக்கிறாரே, அதற்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். ஆனால் ரோஸை மட்டும் எனக்குப் பிடிக்கும். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பிரிவு எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்தது எதுவுமே விளங்காது.

ஒரு சரக்குக்கு ஒரு பிராண்ட் மேனேஜர். அவருக்குக் கீழே ஒரு உதவி மேனேஜர். அவ்வளவுதான் படை. சோப்பைச் செய்வது தொழிற்சாலை, அது இவர் பேச்சைக் கேட்காது. விளம்பரம் எடுப்பது வெளி ஏஜென்சி, அதற்கு இவரைப் போலப் பத்துப் பேர். யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வருவது ஆராய்ச்சிப் பிரிவு, அது எல்லாச் சரக்குக்கும் பொது. விற்பது நாங்கள், நாங்களும் இவர் பேச்சைக் கேட்க மாட்டோம். ஆனால் சோப்பு விற்கவில்லை என்றால் எல்லாரும் கழுத்தைப் பிடிப்பது இவரைத்தான். வேலை வாங்க அதிகாரம் கிடையாது, திட்டு வாங்க முழு அதிகாரம் உண்டு. அதனால் பாவம், காலையிலிருந்து மாலை வரைக்கும் ஒவ்வொரு பிரிவாகப் போய்ப் பல்லைக் காட்டி, கெஞ்சி, தாஜா பண்ணிக் காரியம் சாதிக்க வேண்டும். சோப்பு விற்கிறவர்கள் சோப்பு போட்டுத்தானே பிழைக்க வேண்டும்!

இதில் இன்னொரு கூத்து உண்டு. எங்கள் கம்பெனியிலேயே குளிக்கிற சோப்பு இரண்டு. ரோஸ் ஒன்று, பச்சை ஒன்று. இரண்டும் கடையில் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒன்றோடொன்று சண்டை போடும். வெளிக் கம்பெனி நம் வாடிக்கையாளரை இழுப்பதற்குப் பதில் நம் சோப்பே நம் சோப்பிடமிருந்து இழுக்கட்டும் என்று எப்போதோ யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. அதனால் இரண்டு மேனேஜர்களும் ஒரே மாடியில் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் திட்டத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. பிரிண்டர் மட்டும் ஒன்றுதான். ரோஸ் காகிதம் எடுக்க வரும்போது பச்சையின் உதவியாள் பிரிண்டர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்வான். பார்க்கக் கண் கொள்ளாது.

பச்சையைப் பார்த்தவள் ஒரு பெண். அவளும் ரோஸும் ஒரே நாளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். அலுவலகத்தில் எதிரிக் கட்சி, சாப்பாட்டு மேஜையில் எதிர் எதிர் நாற்காலி. அவள் வாய் ஓயாது, இவன் வாய் திறக்காது. அவள் இவன் டப்பாவிலிருந்து பாதியைத் தூக்கித் தன் தட்டில் போட்டுக்கொள்வாள், இவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஏன்டா, எடுக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? பேருதான் ரோஸ், துளிகூட ரோஷம் கிடையாது" என்பாள்.

"சொன்னா எடுக்காம இருக்கப் போறியா?" என்பான் இவன். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த பதில்.

எதிரியின் சரக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருவரும் அடுத்தவர் சோப்பைத்தான் வீட்டில் வைத்திருந்தார்கள். ரோஸின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது என்னிடம் அலுத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் இவர் ரோஸ் சோப்பு விப்பாரு, எங்க வீட்டுல மட்டும் பச்சை. பொண்ணு ஸ்கூல்ல 'எங்கப்பா பச்சை சோப்புக் கம்பெனி'ன்னு எழுதி வச்சுட்டு வந்திருக்கா. நல்ல குடும்பம் போங்க!"

ஆனால் இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. ரோஸ் சோப்பு இவன் பிறப்பதற்கு முன்பே கடையில் இருந்தது. யார் யாரோ பார்த்துக் கை மாறிக் கடைசியில் இவன் கைக்கு வந்தது. பச்சை அப்படி இல்லை. ஒன்றுமே இல்லாத வெறும் மேஜையில் உட்கார்ந்து அவள் உண்டாக்கியது. நிறம் அவள் தேர்ந்தது. வாசனைத் திரவியக் கம்பெனிக்காரர்கள் நீட்டிய சீசாக்களை முகர்ந்து முகர்ந்து தலைவலி வந்து, அவள் பொறுக்கியது. கைக்குள் அடங்குகிற அந்த வளைவுகூட அவள் மாவில் பிடித்துக் காட்டியதுதான். சோப்பைப் பற்றிப் பேசினால் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். யாராவது "பச்சை பரவாயில்ல" என்றால் போதும், "பரவாயில்லையா?" என்று சண்டைக்கு வந்துவிடுவாள். அவளுக்குக் கல்யாணத்தில் நாட்டம் இல்லை. அம்மாவும் அவளும் மட்டும் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் இருந்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது டைரக்டர் வந்தார். மார்க்கெட்டிங் முழுவதற்கும் தலை. டைரக்டர்களுக்குச் சரக்குப் பெயர் வைக்க முடியாது, அதற்காக விட்டுவிடுவோமா? வந்த வேகத்தில் அதை வெட்டு, இதைக் குறை என்று ஆரம்பித்ததால் 'கத்தரிக்கோல்' என்று வைத்தோம். ஆள் கெட்டவர் இல்லை. எதற்கும் குரலை உயர்த்த மாட்டார், அதுதான் பயமே.

அவர் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார். "ஒரே தட்டுல நம்ம சோப்பே நம்ம சோப்பைத் தள்ளிட்டு நிக்குது. ரெண்டு விளம்பரச் செலவு, ரெண்டு டீம், லாபம் ஒண்ணுக்குத்தான் வருது. இனிமே குளியல் சோப்புக்கு ஒரே டீம், ஒரே சோப்பு. எந்தச் சோப்பு நிக்குதோ அதோட மேனேஜர்தான் டீமுக்குத் தலைவர். இன்னொருத்தருக்கு வேற இடம் பார்த்துக்கலாம்."

வேற இடம் பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் கட்டடத்து லிஃப்டுக்குக்கூடத் தெரியும்.

எந்தச் சோப்பு நிற்பது? ரோஸ் அதிகம் விற்றது, ஆனால் வருஷா வருஷம் கொஞ்சம் தேய்ந்துகொண்டு வந்தது. பச்சை குறைவாக விற்றது, ஆனால் கட்டிக்கு லாபம் அதிகம், ஏறிக்கொண்டும் இருந்தது. எண்களைப் போட்டுப் பார்த்தால் தராசு இரண்டு பக்கமும் ஆடியது. அப்போதுதான் கத்தரிக்கோல் அந்த வேலையைச் செய்தார்.

"அவங்கவங்க சோப்பைப் பத்தி அவங்கவங்க பேசினா எனக்கு விளம்பரம்தான் கிடைக்கும். மாத்திப் பேசுங்க. ரோஸ் ஏன் இருக்கணும்னு பச்சை சொல்லட்டும். பச்சை ஏன் இருக்கணும்னு ரோஸ் சொல்லட்டும். ஒரு மாசம் டைம்."

கூட்டம் முடிந்ததும் நான் பச்சையைத் தனியாகப் பிடித்தேன். "இங்க பாரு, நல்லா யோசிச்சுக்கோ. அவன் சோப்பைப் பத்தி நீ நல்லாப் பேசினா உன் சோப்புக்கு நீயே குழி வெட்டின மாதிரி. லேசா சொதப்பிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் என்னை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள். "எனக்குத் தெரியும்ல அக்கா? சொதப்பித்தான் என் சோப்பு ஜெயிக்கணும்னா அப்புறம் அது என்ன சோப்பு? நான் அவனோடதுக்குப் பிரமாதமாப் பேசுவேன். அவன் என்னோடதுக்குப் பேசுவான். அப்பவும் என்னோடதுதான் ஜெயிக்கும். பாருங்க."

தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ரோஸ் என்னைத் தேடி வந்தான். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று மீசையை நீவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, பச்சை நல்லா விக்கிற கடை கொஞ்சம் காட்டுங்க. வாங்குறவங்க வீட்டுக்கும் போகணும். அவளுக்காக நல்லாப் பேசணும்."

"ஏன்டா தம்பி, நீயாவது பிழைக்கிற வழியைப் பார்க்க மாட்டியா? உனக்குப் பொண்ணு இருக்கா, வீட்டுக் கடன் இருக்கு."

"அது அவ சோப்பு அக்கா" என்றான். வேறு விளக்கம் கிடையாது.

சரி, தொலையட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன். அந்த மாதம் முழுக்க அவனோடு நான் சுற்றியது என் ஜென்மத்துக்கும் மறக்காது.

முதல் கடைக்காரர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். "பச்சையா? நல்லாப் போகுதே" என்றார். ரோஸ் முகம் மலர்ந்து, "யாரு சார் கேட்டு வாங்குறாங்க?" என்றான். "யாரும் கேக்குறதில்ல. சோப்பு குடுங்கன்னு சொல்வாங்க. பச்சையில எனக்கு ரெண்டு காசு கூட நிக்குது, அதை எடுத்துக் குடுப்பேன். வேணாம்னு சொல்ல மாட்டாங்க" என்றார் அவர். அடுத்த கடையிலும் அதே கதை. அதற்கடுத்த கடையில் ஷாம்பு பாட்டிலோடு பச்சையை ரப்பர் போட்டு இலவசமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த இலவசத் திட்டத்தைப் போட்டதே எங்கள் சேல்ஸ்தான். அதைத்தான் பச்சை ஏறுகிறது, ஏறுகிறது என்று எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"கடையில தெரியாது அக்கா. வீட்டுல போய்ப் பார்ப்போம்" என்றான் ரோஸ்.

வீடுகளுக்குப் போனோம். அவர்கள் வேலையில் இது ஒரு வழக்கம். நல்ல வார்த்தை சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு குளியலறையை எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஆறடி உடம்பைக் குறுக்கிக்கொண்டு அவன் ஒவ்வொரு வீட்டுக் குளியலறைக்குள்ளும் நுழைந்து சோப்புப் பெட்டியைப் பார்ப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். ஒரு வீட்டில் பச்சை கை கழுவுகிற தொட்டி அருகில் கிடந்தது. "அது விருந்தாளிங்களுக்கு" என்றார் அந்த அம்மா. இன்னொரு வீட்டில் உறை பிரிக்காமல் அலமாரியில் துணிகளுக்கு நடுவே இருந்தது, வாசனைக்காம். மூன்றாவது வீட்டில், "ஐயோ, இது உங்க சோப்பா? தப்பா நினைக்காதீங்க, நாய்க்குத்தான் போடுறோம்" என்றார்கள். நாய் எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. பச்சைக்கு ஆதரவாக அன்றைக்குக் கிடைத்த ஒரே வாக்கு அதுதான்.

ஒரு நாள் ஒரு பெரியவர் கிடைத்தார். ரிடையர் ஆன தபால்காரர். "எனக்குப் பச்சைதான் வேணும், வேற தொடவே மாட்டேன்" என்று அடித்துச் சொன்னார். ரோஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எதுக்கு சார் பிடிச்சிருக்கு? வாசனைக்கா?" என்று ஆசையாகக் கேட்டான். "வாசனையா? எனக்கு மூக்கு வேலை செய்யாது தம்பி, பல வருஷம் ஆச்சு. கையில நல்லாப் பிடிபடுது, அதான்" என்றார் பெரியவர்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் அப்படி வலித்தது.

"நிறைய நாள் கரையாம இருக்குன்னு ரெண்டு மூணு பேர் சொன்னாங்களே, அதைச் சொல்லேன்டா" என்றேன்.

"யாரும் தேய்க்காம வச்சிருந்தா எந்தச் சோப்பும் கரையாது அக்கா" என்றான். "பன்னெண்டு வருஷம் அக்கா. தன்னோட இளமை முழுசையும் இதுல போட்டிருக்கா. வாங்குறவங்க யாருக்கும் இது இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். இதை அவ கிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். கெட்ட சோப்பு என்றால்கூடத் தேவலை, திட்டவாவது நாலு பேர் இருப்பார்கள். பச்சைக்கு அதுவும் இல்லை.

பேச வேண்டிய நாள் வந்தது. பெரிய கூட்ட அறையில் எல்லாப் பிரிவும் உட்கார்ந்திருந்தது. முதலில் பச்சை எழுந்தாள்.

அட, என்ன பேச்சு என்கிறீர்கள்! வெளுத்து வாங்கிவிட்டாள். ரோஸ் சோப்பு இருக்கும் வீடுகளுக்கு அவளும் போயிருந்தாள். "இந்தச் சோப்பை யாரும் ஆசைப்பட்டு வாங்கல. ஆனா பிள்ளைங்க ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ ஊரை விட்டுக் கிளம்பும்போது அம்மாக்கள் பெட்டியில எந்தச் சோப்பை வைக்கிறாங்கன்னு கேட்டேன். வீட்டுக்கு வீடு இதுதான். ஏன்னு கேட்டா அவங்களுக்கே தெரியல. வீட்டு வாசனை கூடப் போகட்டும்னு நினைக்கிறாங்க. நாம இத்தனை வருஷமா நடிகைங்களை வச்சு இதை வித்துட்டிருக்கோம். இதை விக்க வேண்டியது அந்தப் பெட்டியை வச்சு" என்றாள். அறை முழுவதும் கை தட்டியது. ஏஜென்சிக்காரர் எழுந்து நின்றே தட்டினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவள் சோப்பை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

அவள் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்து, "இப்ப என்னோடது" என்று என் காதில் சொன்னாள்.

ரோஸ் எழுந்தான். நிறம் நன்றாக இருக்கிறது என்றான். கையில் நன்றாகப் பிடிபடுகிறது என்றான். கட்டிக்கு லாபம் இவ்வளவு என்றான். கத்தரிக்கோல் குறுக்கிட்டார். "அது சரி. இந்தச் சோப்புதான் வேணும்னு கேட்டு வாங்குற ஒரே ஒரு ஆளைப் பத்திச் சொல்லுங்க."

ரோஸ் தண்ணீர் குடித்தான். தபால்காரரைச் சொல்லலாம், மூக்கைச் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் ஆராய்ச்சிப் பிரிவு அடுத்த நாளே அந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். பச்சையின் பெயரும் சேர்ந்து நாறும்.

"தேடிட்டு இருக்கேன் சார்" என்றான்.

அறை கொல்லென்று சிரித்தது. பச்சை சிரிக்கவில்லை.

முடிவு அன்றைக்கே தெரிந்துவிட்டது. பச்சையைக் கை கழுவினார்கள். ரோஸ் தலைவன் ஆனான். மாலைக்குள் கட்டடம் முழுக்க ஒரே பேச்சு. "ஊமை மாதிரி இருந்துட்டு எப்படிக் கவுத்தான் பார்த்தியா? அந்தப் பொண்ணு உயிரைக் குடுத்துப் பேசுச்சு, இவன் வேணும்னே வாயை மூடிக்கிட்டான்."

மறுநாள் பச்சை என்னையும் இழுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனாள். அவன் சாம்பிள் அறையில் இருந்தான். எங்கள் சரக்குகளின் பழைய உறைகள், புதிய உறைகள் எல்லாம் தட்டுத் தட்டாக அடுக்கிவைத்திருக்கும் சின்ன அறை. பச்சைச் சோப்புகளை அட்டைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். தட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. வேறு யாரையும் தொடவிடாமல் அவனே செய்துகொண்டிருந்தான்.

அவள் கதவைச் சாத்தினாள். "ஒரே ஒரு கேள்வி. நேராப் பதில் சொல்லு. வேணும்னே சொதப்பினியா?"

அவன் என்னைப் பார்த்தான். சொல்லிவிடு தம்பி, சொல்லிவிடு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நானே சாட்சி இருக்கிறேனே!

"அக்காவை ஏன் பார்க்கிற? என்னைப் பாரு. ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். ஒண்ணு, நீ துரோகி. இல்லேன்னா, என் சோப்புக்குச் சொல்ல இந்த உலகத்துல ஒண்ணுமே இல்ல. எது? சொல்லுடா."

கையில் இருந்த சோப்பை அவன் மெதுவாகப் பெட்டியில் வைத்தான்.

"வேணும்னேதான்" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"ஏன்டா?"

"அந்த நாற்காலி மேல ஆசை வந்துடுச்சு."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடா பாவி" என்றாள் அவள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "எத்தனை பேர் கிட்ட கேட்டிருப்பே, எத்தனை சாட்சி கிடைச்சிருக்கும், எல்லாத்தையும் மறைச்சுட்ட. இனிமே என் முகத்துல முழிக்காதே."

சொல்லிவிட்டுப் போனாள். அழுதுகொண்டு போனாள்தான், ஆனால் உள்ளே வரும்போது குனிந்திருந்த தலை போகும்போது நிமிர்ந்திருந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "டேய், உனக்குப் புத்தி கித்தி இருக்கா? மாசம் பூரா நாய் மாதிரி அலைஞ்சது நானும் நீயும். இப்ப நீயே உன்னைத் துரோகின்னு சொல்லிக்கிறியே! அவளுக்கு உண்மையைத் தாங்கிக்கத் தெரியாதா? அதை முடிவு பண்ண நீ யாரு?"

"தெரியல அக்கா. தப்பாக்கூட இருக்கலாம்" என்றான். பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "அவ கேட்டப்போ அவ கண்ணைப் பார்த்தேன். 'நான் துரோகின்னு சொல்லிடுடா'ன்னு கெஞ்சுற மாதிரி இருந்துச்சு. சோப்பு போச்சு, வேலை போச்சு. நீ பண்ணதுல ஒண்ணுமே இல்லன்னு வேற நானே சொல்லணுமா? அப்புறம் அவ இன்னொண்ணு பண்ணுவாளா? என்னைத் திட்டிக்கிட்டே போகட்டும். நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொன்னா என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன், அவ்வளவுதான்."

மிரட்டியிருந்தால் அடுத்த நிமிஷம் ஊரைக் கூட்டியிருப்பேன். கும்பிட்டுத் தொலைத்துவிட்டான்.

பச்சைக்குப் பார்த்துக்கொடுத்த 'வேற இடத்தை' அவள் ஏற்றுக்கொள்ளவில்லை, வேலையை விட்டாள். கிளம்பிய நாளில் ஒவ்வொருவரிடமும் கை கொடுத்தாள். ரோஸின் முறை வந்தபோது கையைக் கைப்பையில் விட்டு எதையோ தேடிக்கொண்டே தாண்டிப் போனாள்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு கொஞ்சமா? சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஒரே அணி ஆனதால் பச்சையின் உதவியாளும் இவன் கீழே வந்தான். முகம் கொடுத்துப் பேசவே மாட்டான், கேட்டதற்கு மட்டும் பதில். போதாக்குறைக்கு ரோஸ் சோப்பின் புது விளம்பரம் பச்சை சொன்ன அந்தப் பெட்டியை வைத்துத்தான் எடுத்தார்கள். சோப்பு எகிறியது. "அவளைக் கவுத்ததும் இல்லாம அவ யோசனையையும் சுட்டுட்டான்" என்றார்கள். யோசனை யாருடையது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அவன் அவள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பான். அதையும் நடிப்பு என்றார்கள். மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். "இவர் நல்லவரா முட்டாளான்னு நான் இன்னும் முடிவு பண்ணல" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். நானும்தான்.

சில வருஷம் கழித்து ஒரு பெரிய கடையில் எங்கள் தட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா!" என்று பின்னாலிருந்து கட்டிப்பிடித்தது ஒரு கை. பச்சைதான். நெற்றியோரம் கொஞ்சம் நரை, பழைய வாய் அப்படியே இருந்தது. வேறொரு கம்பெனியில் இருப்பதாகச் சொன்னாள். கையைப் பிடித்து இழுத்துப்போய், குழந்தைகளுக்கான எண்ணெய்ச் சீசா ஒன்றைக் காட்டினாள்.

"நான் பண்ணது அக்கா. முதல்லேர்ந்து. இந்தத் தடவை கடைக்கு வர்றதுக்கு முன்னாடி நானே நூத்துக்கணக்கான வீட்டுக்குப் போனேன். வாசனை, மூடி, எல்லாத்தையும் நாலு தடவை மாத்தினேன்."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு வந்தாள். அலமாரியில் எதையும் பார்க்காமல் கடைப்பையனிடம் அந்த எண்ணெயின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பச்சை என் தோளைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது, விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அவன் மட்டும் அன்னிக்கு உண்மையிலேயே முயற்சி பண்ணித் தோத்திருந்தா நான் வீட்டுல முடங்கியிருப்பேன் அக்கா" என்றாள். "நான் பண்ணதுல குறை இல்ல, அவன்தான் கெடுத்தான்கிற ஆத்திரத்துலதான் மறுபடி எழுந்தேன். அதுக்காக அவனை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. செத்தாலும் மாட்டேன்."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன். பிள்ளையைச் சுமக்கிற மாதிரி அந்தச் சீசாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாளே, அவளிடம் எப்படிச் சொல்ல?

நேராக அலுவலகத்துக்கு வந்து ரோஸின் அறைக்குள் நுழைந்தேன். பார்த்ததை, கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன். செத்தாலும் மன்னிக்க மாட்டேன் என்றாள் என்பதையும் சொன்னேன், வேண்டுமென்றேதான் சொன்னேன். உறைக்கட்டும் என்று.

அவன் மீசையை நீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தப் பொண்ணு எண்ணெயைப் பேர் சொல்லியா கேட்டுச்சு?" என்றான்.

"ஆமாடா. பேர் சொல்லித்தான் கேட்டா."

"கடைக்காரர் எடுத்துக் குடுக்கலையே? இலவசம் கிலவசம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லடா. அதுதான் வேணும்னு கேட்டு வாங்கினா."

"அப்ப சரி அக்கா" என்றான். அந்தப் பெரிய முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் சேல்ஸ்காரி, லேசில் அழுகிறவள் கிடையாது. அன்றைக்கு அவன் அறை நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே எல்லாரும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, அழுது தீர்த்தேன்.